அப்பா தூங்குதாவ

என் அண்ணன் மகள் ஜெனி மேடையில் ஏறிக் கத்துவதைத் தொழிலாக வைத்திருக்கிறாள். அதைப் பாட்டு என்று சொன்னால் எங்கள் மாதா கோயில் பாடகர் குழு சண்டைக்கு வரும். வெறும் சத்தம் என்று சொன்னால் ஜெனி சண்டைக்கு வருவாள். இரண்டு பக்கமும் சண்டை போட்டு அலுத்தவள் நான், அதனால் கத்தல் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கத்தல். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து கேட்கிறார்கள்.

நான் லூர்து மேரி. பம்பாயில், செம்பூரில் தனியாக இருக்கிறேன், தாதரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், நான் படவில்லை. என் லீவையெல்லாம் சேர்த்து வைத்து எங்கே போகப் போகிறேன் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். ஒரு பங்க் ராக் குழுவுக்குக் காவலாக டெம்போவில் ஊர் சுற்றப் போகிறேன் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஜெனியின் கத்தல் புரிய வேண்டுமானால் அவள் வளர்ந்த வீட்டின் அமைதியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அண்ணன் மரியஅந்தோணிக்கு டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை. மற்றவர்களுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். அண்ணன் மட்டும் அடுத்தவனுடைய ராத்திரியையும் கேட்டு வாங்கிக்கொள்வான். நைட் அலவன்ஸ் ஒரு காரணம். மதினியும் மத்தியானம்வரை வேலைக்குப் போகிறவள், பிள்ளையைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு மத்தியானம் கூட்டிவர ஆள் வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஆகவே அண்ணன் தூங்குவது பகலில், தாராவியில் கோலி என்கிற அந்த ஒற்றை அறை வீட்டின் நடுவில், பாயை விரித்து. அவனைத் தாண்டாமல் அடுப்புக்கும் போக முடியாது, கதவுக்கும் போக முடியாது.

என் மதினி அந்தத் தூக்கத்தைக் கோயில் நகை மாதிரிக் காத்தாள். தட்டுகளுக்கு இடையே துணி வைத்து அடுக்குவாள். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள், அதனால் அந்த வீட்டுப் பருப்பு என்றைக்கும் அரை வேக்காடுதான். டிவி ஓடும், ஆனால் சத்தம் வராது. ஜெனி வெகுநாள்வரை எல்லா வீட்டு டிவியும் ஊமை என்றே நினைத்திருந்தாள். பிள்ளை சிரித்தால், விழுந்து அழுதால், தும்மினால்கூட மதினி உதட்டில் விரலை வைத்துவிடுவாள். "பையப் பேசு ட்டி, அப்பா தூங்குதாவ." மெதுவாக என்பதற்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பைய என்போம். அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசல் ஓரம் இருந்த தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் சாயங்காலம்தான் வரும், மத்தியானம் பீப்பாய் காலி. பிள்ளை தலைகீழாக விழுந்துவிட்டது என்று நான் அலற, மதினி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். பிள்ளை விழவில்லை. பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே முனகல்தான் கேட்கும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். மேலே ஒரு போர்வையும் போட்டுவிட்டால் அதுவும் கேட்காது. குடத்துக்குள் விளக்கு என்பார்கள், இது பீப்பாய்க்குள் பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதினியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் வாய் நிறையத் திட்டினேன், பையத்தான்.

பிறகு மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டோம். ஓர் ஈஸ்டர் வரைக்கும் இருந்தாள். "உங்க பிள்ளை குரல் மத்த எல்லாரையும் முழுங்குது" என்று சொல்லி வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் கேட்டதால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே போனவளை வழியில் நிறுத்திச் சமாதானம் செய்தவன் தப்ரேஸ். தோல் பை தைக்கிற ஜெயினுலாப்தீன் பாயின் மகன், ஜெனியின் வகுப்பில் படித்தவன். வாப்பாவின் பட்டறையில் ரெக்சின் சுருள்களை நிறுத்திவைத்து இரண்டு குச்சியால் அடித்து அடித்து டிரம்ஸ் பழகியவன். "ஒன் சத்தத்துக்கு எங்க பட்டறைதான் சரி. சுத்தி தோலு. ஒண்ணும் வெளிய போவாது" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு விடுமுறை. தொழுகை முடிந்து, சாப்பிட்டு, மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கும்வரை உள்ள நேரம்தான் அவர்களுக்கு வாரம் முழுவதற்குமான பயிற்சி. அதிலும் தப்ரேஸ் பிரியாணியை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வருவான். ஆகவே ஒரு பாட்டை இழுத்துப் பாட வழியே இல்லை. இரண்டு நிமிஷத்தில் தொடங்கி, திட்டி, முடித்துவிட வேண்டும். மூன்றாவதாக வந்தவன் பேச்சிராஜா. விநாயகர் ஊர்வலத்தில் வண்டிமேல் உட்கார்ந்து பெஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிற பார்ட்டியில் இருந்தவன். ஊர்வல வேகம் அவன் கையில் ஊறிப் போயிருந்தது, கிட்டாரைக் கொடுத்தாலும் அதே வேகம்தான். எதற்கும் நிதானமாக வாசிக்கத் தெரியாது. குழுவுக்கு "மூணாவது ஷிப்ட்" என்று பெயர் வைத்தார்கள். அண்ணனின் ஷிப்ட்.

இந்த மாதிரி இசைக்கு பங்க் என்று பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. செம்பூரில் ஒரு கல்லூரி விழாவில் போட்டிக்குப் போனார்கள். நடுவராக வந்திருந்த தாடிக்காரர் இவர்கள் முடித்ததும் எழுந்து நின்று, நீங்கள் அசல் பங்க் என்றார். பேச்சிராஜா முறைத்தான். அவர் ஏதோ வைகிறார் என்று நினைத்துவிட்டான். பாராட்டுத்தான் என்று தெரிந்தபிறகு மூவரும் செல்போனில் தேடிப் பார்த்தார்கள். "அத்த, இங்கிலீஷ்காரன் நம்மள மாதிரியே ரொம்ப நாளா கத்திட்டுத்தான் இருக்கான்" என்று ஜெனி எனக்குப் போன் செய்து சொன்னாள், ஏதோ அவன் இவளைப் பார்த்துப் பழகிய மாதிரி.

பாட்டெல்லாம் தமிழில். ஜெனிக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, செல்போனில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்திருப்பாள். ஆனால் வைவதற்கு அவளுக்குத் தமிழைவிட்டால் வேறு மொழி கிடையாது. இந்தி கடைக்கு, இங்கிலீஷ் காலேஜுக்கு, கோபத்துக்குத் திருநெல்வேலித் தமிழ். இங்கேதான் ஒரு சங்கதி. பாந்த்ராவிலும் லோயர் பரேலிலும் அவர்கள் பாட்டைக் கேட்க வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அந்தத் தைரியத்தில் ஜெனி வீட்டு விஷயம் அத்தனையையும் பாட்டில் கொட்டினாள். தெரு சண்டை, பொதுக்கழிப்பறை வரிசை, என் மூக்குப்பொடி டப்பா, எல்லாம் வந்தது. தாராவியில் மட்டும் பாட மாட்டாள். பாடினால் மறுநாள் தெரு முழுவதற்கும் புரிந்துவிடுமே.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு மதினியின் வாயிலிருந்து வந்தது. எழுதிக் காட்டினால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

பையப் பேசு, பையப் பேசு
அப்பா தூங்குதாவ!
பைய நட, பைய நட
தட்டு உருளப் போவுது!
பையச் சிரி, பைய அழு
அப்பா தூங்குதாவ!
எப்பம் முழிப்பாவ? எப்பம் முழிப்பாவ?
நான் எப்பம் பேச?

லோயர் பரேலில் இதை முதன்முதலில் நான் கேட்ட அன்று, குஜராத்திப் பிள்ளைகளும் மராத்திப் பிள்ளைகளும் குதித்துக் குதித்து, கழுத்து நரம்பு புடைக்க "பையப் பேசு! பையப் பேசு!" என்று கத்தினார்கள். கட்டடம் ஆடியது. இவர்கள் என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று தெரிந்த ஒரே பார்வையாளர் நான்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அந்தக் கடைசி வரி வந்தபோது சிரிப்பு நின்றுபோனது. அண்ணன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் குரலை ஒரு மனுஷனின் தூக்கம் தின்றிருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டன் போன் வைத்திருக்கிறவன். மகள் எங்கேயோ பாடுகிறாள், நாலு பேர் கைதட்டுகிறார்கள் என்பதோடு சரி.

டூர் என்று ஒன்று வந்தது ஜெயினுலாப்தீன் பாயின் புண்ணியத்தில். மே மாதம் அவருக்குப் பை சீசன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சென்னை என்று கடை கடையாக ஸ்கூல் பை இறக்க வேண்டும். டெம்போவை ஓட்டப் போகிறவன் தப்ரேஸ். "பை எறக்குத ஊருல எல்லாம் பாட்டும் பாடிட்டு வாரோம் வாப்பா" என்று கேட்டிருக்கிறான். பாய் யோசித்துவிட்டு, "மொதல்ல பை, பொறவு பாட்டு. மாத்திச் செஞ்சா டெம்போ சாவியைக் குடுத்துட்டுப் பட்டறைல உக்காரு" என்றார். இப்படி, ஸ்கூல் பை மூட்டைகளுக்கு நடுவில் டிரம்ஸைக் கட்டி வைத்துக்கொண்டு கிளம்பியது இந்தியாவின் ஒரு பங்க் ராக் டூர்.

அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "மேரி கூடப் போனா ஜெனி போட்டும்." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஊறுகாய், மிளகாய்ப்பொடி, தைலம், ஜெபமாலை, காதில் அடைக்கப் பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு டெம்போவில் முன் சீட்டைப் பிடித்தேன். பின்னால் போய் உட்கார என்னால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பங்க் என்றால் எதற்கும் கட்டுப்படாதவர்கள் என்று எங்கோ படித்திருந்தார்கள் பாவம், ஆனால் சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவாமல் எவனும் மேடை ஏறவில்லை. நான் விடவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் பிரமாதப்படுத்தினார்கள். புனேயில் பாதி அரங்கு காலி, அந்தப் பாதிக்கும் சேர்த்து ஜெனி கத்தினாள். கோலாப்பூரில் மைக் நின்றுபோனது. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள், கடைசி வரிசைக்கும் கேட்டது. பீப்பாய்ப் பயிற்சி வீண் போகவில்லை. ஹூப்ளியில் பை வாங்கிய கடைக்காரரே குடும்பத்தோடு வந்து முன்னால் நின்றார். பெங்களூரில் ஷில்லாங்கிலிருந்து வந்திருந்த ஒரு விழாக்காரர், குளிர்காலத்தில் ஷில்லாங், குவாஹாட்டி, கோஹிமா என்று ஒரு மாதம் வருகிறீர்களா என்று கேட்டார். அங்கே பிள்ளைகள் ராக்கிலேயே பிறந்து ராக்கிலேயே வளர்கிறவர்களாம். மூவரும் டெம்போவைச் சுற்றி ஓடினார்கள். எனக்கே ஓட வேண்டும்போல இருந்தது, முழங்கால் விடவில்லை.

ஜெனி உடனே அப்பாவுக்குப் போன் செய்தாள். அண்ணன் அப்போது தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"ஒரு மாசமா? எங்க கெடக்கு அந்த ஊரு?"

"வடக்க, மலை மேலப்பா."

"நான் ஒன் பாட்ட ஒரு தடவகூடக் கேட்டதில்லளா. கேக்காம எப்படிச் சொல்ல? ஊருலேருந்து திரும்புதப்போ மெட்ராசுல எறங்குதேன். ஒன் கச்சேரியப் பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன், போவியா வேண்டாமான்னு."

போனை வைத்ததும் டெம்போவுக்குள் அப்படி ஓர் அமைதி, மதினி பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அன்று மத்தியானம்தான் பெங்களூரில் ஒரு தமிழ்ப் பெண் ஜெனியிடம் வந்து, "உங்கப்பா இன்னும் தூங்குறாரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருந்தாள். பம்பாயில் ஒருவருக்கும் புரியாத தமிழ், இந்தப் பக்கம் வர வர ஒவ்வொருவருக்காகப் புரியத் தொடங்கியிருந்தது. சென்னையில் அரங்கு முழுக்கப் புரியும். நடுவில் அண்ணன் உட்கார்ந்திருப்பான். இத்தனை வருஷம் எந்தக் குடும்பத்துக்காக ராத்திரி ராத்திரியாக பாய்லர் முன்னால் நின்றானோ, அந்தக் குடும்பம் தன்னைப் பற்றி மேடையில் என்ன பாடுகிறது என்று முதல் தடவையாகக் கேட்பான்.

"அந்தப் பாட்ட எடுத்துரு" என்றான் தப்ரேஸ். "மத்த பாட்டு இருக்குல்லா. உங்க அப்பா மனசு நொந்து வேணாம்னுட்டா ஷில்லாங்கும் போச்சு, பேண்டும் போச்சு. எங்க வாப்பா என்னைய மெஷின்ல உக்கார வச்சுருவாரு."

"அந்தப் பாட்டு இல்லாம நாம யாருடே?" என்றான் பேச்சிராஜா.

"அரே, ஒரு நாள்தான?"

இருவரும் ஜெனியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், எடுத்துரு என்றேன். லோயர் பரேலில் அண்ணன் மேல் கொதித்தவள்தான். ஆனால் அவன் முகம் வாடுவதைப் பார்க்க நான் தயாரில்லை, அவ்வளவுதான். ஜெனி சரி என்றாள். அந்தச் சரியில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

சென்னையில் நிகழ்ச்சி மத்தியானம் மூணு மணிக்கு. நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி, சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட வேண்டுமாம். அண்ணன் வழக்கமாகத் தூங்குகிற நேரம். அவன் பூசைக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டையை இன் செய்துகொண்டு, கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பாவோடு வந்து சேர்ந்தான். "கச்சேரிப் பிள்ளைகளுக்கு" என்றான். அங்கே எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். அண்ணனுக்கு மட்டும் ஒரு நாற்காலி கொண்டுவந்து ஓரமாகப் போட்டார்கள். வாசலில் ஒரு பெண் காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்தாள். நான் பஞ்சுக்கு மேல் அதையும் வைத்துக்கொண்டேன். அண்ணன் வாங்கவில்லை.

"வாங்கி வையண்ணே. காது போயிரும்."

"வேலைல தெனம் காத அடைச்சுட்டுத்தான் நிக்கேன். எம் பிள்ள பாடுததக் கேக்க வந்துட்டும் அடைக்கவா?"

ஆரம்பித்தார்கள். அண்ணன் முழங்கால் மேல் கையை வைத்து, பாய்லர் முள்ளைப் பார்க்கிற மாதிரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். லோக்கல் ரயில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் பாட்டுக்குக் கூட்டம் சிரித்தது. மூக்குப்பொடி பாட்டுக்கு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஜெனி பாதிதான் கத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, பஞ்சுக்கும் ரப்பருக்கும் அப்பாலிருந்தே தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு அங்கேதான் தப்பியது. வந்திருந்தவர்கள், பெங்களூரில் யாரோ போனில் எடுத்துப் போட்ட அந்த ஒரு பாட்டின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறார்கள்! பின் வரிசையில் ஒருவன் தொடங்கினான். "பையப் பேசு!" அடுத்த வரிசை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மாடி முழுக்க அதுதான்.

அண்ணன் குனிந்து என் காதருகில் கேட்டான். "ஏளா மேரி, எதுக்கு இவனுவ பையப் பேசு பையப் பேசுன்னு கத்துதானுவ? பாட்டு சத்தம் சாஸ்தியா இருக்கோ?"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. "அது ஒங்க வீட்டுப் பாட்டுண்ணே" என்றேன்.

மேடையில் ஜெனி, "அது இன்னைக்கு இல்ல" என்றாள். கூட்டம் ஓவென்றது. அவள் தண்ணீர் குடித்தாள். தப்ரேஸைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சரி. எங்க அப்பா வந்திருக்காவ. இந்தப் பாட்டு அவியளுக்குத் தெரியாது. இத விட்டுட்டு மத்தத மட்டும் பாடிக் காட்டுனா, அவிய பாத்தது எங்க பேண்ட இல்ல. பாத்துட்டு வேணாம்னு சொன்னா சொல்லட்டும். அப்பா இன்னைக்கு முழிச்சிருக்காவ!"

பிறகு வந்தது கத்தல். பீப்பாய்க்குள் போட்ட சத்தம் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது என்றுதான் சொல்வேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொருவருக்கும் புரிந்தது. "அப்பா தூங்குதாவ" என்று அவள் நிறுத்த, தெரியாத ஊரில் தெரியாத பிள்ளைகள் அத்தனை பேரும் "தூங்குதாவ!" என்று திருப்பிச் சொன்னார்கள். அதில் பாதிப் பேருக்கு வீட்டில் அப்படி ஓர் அப்பா இருந்திருப்பார் போலிருக்கிறது. "பையச் சிரி, பைய அழு" என்று வந்தபோது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி, மக்ரூன் டப்பா மட்டும் உட்கார்ந்திருந்தது. ஜெனியும் அதைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் மிச்சப் பாட்டு அத்தனையையும் குறையில்லாமல் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அந்த விஷயத்தில் அவள் அப்பாவின் மகள், ஷிப்ட் முடியாமல் இடத்தைவிட்டு நகர மாட்டாள்.

கீழே தெருமுனை டீக்கடையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. ஜெனி போய் எதிரில் நின்றாள், நாங்கள் மூவரும் பின்னால்.

"அந்தப் பாட்டுல நான் சொன்னது ஒண்ணுகூட இல்லியே" என்றான். "எல்லாம் ஒங்கம்மை சொன்னதுலா?"

"ஆமா."

"நான் ஒரு நாளாவது ஒன்னையப் பையப் பேசுன்னு சொல்லிருக்கனா?"

ஜெனி யோசித்தாள். நானும் யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு தடவைகூட இல்லை. எங்களுக்கு அண்ணன் கோபம் எல்லாம் மதினியின் உதட்டு விரல் வழியாகத்தான் தெரியும்.

"நீங்கதான் எப்பவும் தூங்கிட்டு இருப்பியளேப்பா."

"நான் எங்க தூங்குனேன்?" என்றான் அண்ணன். "மேல தகரம் கொதிக்கும். பக்கத்துல ஒருத்தன் மெஷின் ஓட்டுவான். எனக்குப் பகல்ல ஒறக்கமே கெடையாது ட்டி, விடியக் காலம் பஸ்ஸுல தூங்குததுதான். ஒங்கம்மை அவ்ளோ பாடுபட்டு வீட்ட அமத்தி வச்சிருக்கா, தூக்கம் வரலன்னு எப்படிச் சொல்ல? கண்ண மூடிட்டுக் கெடப்பேன். நீ பீப்பாய்க்குள்ள தலைய விட்டுப் பாடுவ. தரையோட காத வச்சுக் கெடந்தா நல்லாக் கேக்கும். எந்திரிச்சு ஒக்காந்தேன்னு வையி, நீ பயந்து நிறுத்திருவ. அதான் தூங்குன மாதிரியே கெடந்தேன்."

தப்ரேஸ் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான். இத்தனை வருஷம் அண்ணன் மேல் நான் வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கிறார்கள், லூசுக் குடும்பம்.

ஐந்து ஊர்களில் கூரையைத் தூக்கியவளுக்கு அப்போது தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பழைய பழக்கம், பையத்தான் கேட்டாள்.

"அப்போ ஷில்லாங் போவட்டாப்பா?"

அண்ணன் கையைக் காதருகில் குவித்தான். அடைப்பான் வேண்டாம் என்று வீராப்பாக உட்கார்ந்த மனுஷன், காதுக்குள் இன்னும் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"என்னது? எனக்கு ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசு ட்டி!"

ஜெனி மூச்சை இழுத்து, சத்தமாகவே கேட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைத் தவறவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் திரும்பியது.

"போயிட்டு வா!" என்று அண்ணன் அவளைவிடச் சத்தமாகக் கத்தினான்.